தலையாட்டியதால் மாலுமியானவர்

"பாய், இந்தக் கயித்தை இழுக்கணுமா, விடணுமா?" என்று காதோடு கேட்டான் கொர்னேலியஸ்.

"உன் பாட்டன்தானே தூத்துக்குடியில தோணி ஓட்டினாரு? என்னைக் கேக்கறே!" என்று பல்லைக் கடித்தார் சலாவுதீன்.

"பாட்டன் ஓட்டினாரு. நான் பிரிக்பீல்ட்ஸ்ல ரயிலுக்குக் கொடிதானே காட்டினேன்?"

படகின் நடுவே, மடியில் வாளோடு உட்கார்ந்திருந்த மொரிதா துரை புன்னகைத்தார். இருவரும் மாலுமிகளைப் போலச் சிரித்து வைத்தார்கள்.

எல்லாம் ஒரு தலையாட்டலால் வந்த வினை. மலாயாவின் கிள்ளானில் சலாவுதீனுக்குச் சின்னச் சாப்பாட்டுக் கடை. நாற்பத்தைந்தாம் வருஷ ஆகஸ்ட் மாதம். அரிசி அற்றுப்போய் மரவள்ளிக்கிழங்கே சோறாகியிருந்த காலம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைக்கு வந்த ஜப்பானிய அதிகாரி மொரிதா, சொந்த ஊர் எது என்று மலாயில் கேட்டார்.

"நாகூர், துவான். கடலோரம்" என்று மலாயில் 'ஐயா' போட்டுச் சொன்னார் சலாவுதீன்.

"அப்படியானால் பாய்மரப் படகு ஓட்டுவாயா?"

மூன்று வருஷமாக ஜப்பான்காரன் எதைக் கேட்டாலும் ஆடிப் பழகிய கழுத்து, அதற்கும் ஆடிவிட்டது. நாகையிலிருந்து பினாங்கு வரை வாந்தி எடுத்துக்கொண்டே வந்ததைத் தவிர, அவருக்கும் கடலுக்கும் வேறு பழக்கமே கிடையாது.

"நாளைக்குக் காலையில். தூரத்துத் தீவுகளைப் பார்க்கணும். ஞாயிற்றுக்கிழமை திரும்பலாம்" என்று சொல்லிவிட்டுத் துரை போய்விட்டார்.

இனிமேல் தெரியாது என்றால், சொன்னது பொய் என்றாகும். பொய் சொன்னவன் கழுத்து என்ன ஆகும் என்பதை நினைத்து மனைவி ஹபீபா அழுதாள். அந்த அழுகைக்குப் பரிகாரமாகத்தான் பாட்டன் பெருமை பேசும் சிநேகிதன் கொர்னேலியஸைப் படகில் ஏற்றிக்கொண்டார்.

முதலில் எல்லாம் கனவு போல நடந்தது. கரைக்காற்று வந்து பாயை மெல்ல ஊதியது. துறைமுகம் சிறுத்து, புகையாகி, மறைந்தது. கண்டல் காடுகள் தண்ணீரின் மேல் மிதந்து போவது போல ஒதுங்கின. வானத்துக்கும் கடலுக்கும் நடுவே கோடே இல்லை. வெள்ளை நாரைகள் இரண்டிலும் பறந்தன. தன் கைதான் படகை ஓட்டுகிறது என்று சலாவுதீனே ஒரு கணம் நம்பிவிட்டார்.

மத்தியானம் காற்று புரண்டது. படகு ராட்டினமாய்ச் சுற்றியது.

"விடு! கயித்தை விடு!" என்றார் சலாவுதீன்.

கொர்னேலியஸ் விட்டான். பாய் அப்படியே சரிந்து துரையின் தலைமேல் விழுந்து அவரை முழுசாக மூடியது.

"யா அல்லா!"

"சேசுவே!"

இரண்டு மதமும் சேர்ந்து காத்திருந்தன. பாய்க்கு அடியிலிருந்து துரையின் குரல் அமைதியாக வந்தது: "பாகுஸ்." நல்லது என்கிறாராம்!

பதறிப்போய் ஆளுக்கொரு துடுப்பை எடுத்தார்கள். ஒருவர் கிழக்கே தள்ள, மற்றவர் மேற்கே தள்ள, ஒரு துடுப்பு நழுவி அலையோடு போனது. அதைப் பிடிக்க மற்றதை நீட்டியதில் அதுவும் போனது.

"பாகுஸ்" என்றார் துரை, இரண்டும் மிதந்து போவதை ரசித்துக்கொண்டே.

"மேல போகாம நங்கூரத்தைப் போட்டு நிறுத்திடுவோம் பாய்!"

கொர்னேலியஸ் மூச்சைப் பிடித்துத் தூக்கிப் போட்டான். அது தொப்பென்று விழுந்து மறைந்தது.

"கயிறு எங்கடா?"

"கயிறு வேற கட்டணுமா?"

துரை கைதட்டினார்.

கோபப்படுகிற ஜப்பான்காரனைச் சலாவுதீன் பார்த்திருக்கிறார். சிரிக்கிறவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது? மொத்தத் தப்புக்கும் கடைசியில் ஒரே வெட்டாக வெட்டுவானோ?

அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. நீரோட்டம் தன் இஷ்டத்துக்குப் படகைத் தாலாட்டிக்கொண்டு போனது. அந்தி சாயும் நேரத்தில் பெயர் தெரியாத ஒரு தீவு, வெண்மணலை விரித்து அவர்களை வாங்கிக்கொண்டது. துரை செருப்பைக் கழற்றிவிட்டுக் குழந்தை மாதிரி அலையில் நடந்தார். மூவரும் கிழங்கைப் பகிர்ந்து தின்றார்கள். துரை அவர் மொழியில் ஏதோ பாட்டை முணுமுணுத்தார். வாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இவ்வளவு சோகமாகப் பாட முடியுமா என்று சலாவுதீன் ஆச்சரியப்பட்டார்.

"நாளைக்குக் காத்து திரும்பிடும் துவான், எப்படியும் கொண்டுபோய்ச் சேர்த்துடறேன்."

"அவசரமில்லை" என்றார் துரை.

காலையில் ஒரு மலாய் மீனவன் படகில் வந்து இறங்கினான். துரை தூரத்தில் கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டிருந்தார். சலாவுதீன் ஓடிப்போய் மீனவனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, எங்களைக் கரையில சேர்த்துடுங்க! எனக்குப் படகு ஓட்டவே தெரியாது. இந்தத் துரையை இன்னைக்குள்ள கொண்டுபோய் விடலேன்னா ஜப்பான்காரன் தேடி வந்து எங்க தலையை எடுத்துடுவான்!"

மீனவன் துரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"யாரு தேடுவா? புதன்கிழமையே ஜப்பான் தோத்துடுச்சுல்ல அண்ணே. கரையில ஒவ்வொரு துரையும் தப்பிச்சு ஓட, படகு ஓட்டத் தெரிஞ்ச ஆளைத்தான் தேடிக்கிட்டிருக்கான்."