விசாரணைக் கமிஷன் வாங்காத வாசிப்புக் கருவி

'விரைந்து முடிவெடுப்பவர், எடுத்த முடிவை உடனே செயல்படுத்துபவர்.' கொள்முதல் பிரிவின் துணை மேலாளரைப் பற்றி அவருடைய அலுவலகம் ஆண்டறிக்கையில் இப்படித்தான் அச்சிட்டிருக்கிறது, படத்தோடு. படத்தில் இருப்பவர் சந்தேகமில்லாமல் அவர்தான். அந்த வாசகம் யாரைப் பற்றியது என்பதுதான் தெரியவில்லை.

வீட்டில் அவருக்கு விசாரணைக் கமிஷன் என்று பெயர். சூட்டியவர் அவருடைய அக்கா.

இந்த இனத்தை நீங்கள் அறிவீர்கள். ஏதாவது ஒரு பொருள் வாங்கலாமென்று இருக்கிறேன் என நீங்கள் வாய்தவறிச் சொன்னால் போதும். கண்கள் பளிச்சிட, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "அவசரப்பட்டுடாதீங்க, நான் விசாரிச்சுச் சொல்றேன்" என்பார்கள். முடிந்தது கதை. எதிர்வீட்டுக்காரர் ஒருமுறை சலவை இயந்திரம் பற்றி நம்மவரிடம் யோசனை கேட்டார். காத்திருந்து அலுத்துப்போய்க் கையில் கிடைத்ததை வாங்கினார். அது உழைத்து, ஓய்ந்து, காயலான் கடைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. கமிஷனின் அறிக்கை இன்னும் வெளியாகவில்லை.

கஞ்சர் என்று நினைத்துவிடாதீர்கள். கஞ்சராக இருந்திருந்தால் எவ்வளவோ தேவலை. 'வேண்டாம்' என்று ஒரே வார்த்தையில் சொல்லி ஊரைக் காப்பாற்றியிருப்பார். இவர் தாராளமானவர். வாங்கத்தான் போகிறார். எதை என்பதுதான் பாக்கி.

"வாங்கறது பெரிசில்ல. வாங்கினப்புறம் வருத்தப்படக் கூடாது பாருங்க" என்பார். அவர் வாழ்நாளில் வாங்கிவிட்டு வருத்தப்பட்டதே இல்லை. அதற்கு முதலில் வாங்கியிருக்க வேண்டுமே!

இப்படிப்பட்டவரிடம்தான் அக்காவின் கண் விஷயம் வந்து சேர்ந்தது.

அக்கா ஓய்வுபெற்ற தலைமை நர்ஸ். அவர் காலடிச் சத்தம் கேட்டால் நோயாளிகள் மட்டுமல்ல, டாக்டர்களும் எழுந்து உட்காருவார்கள் என்று சொல்வதுண்டு. இப்போது தம்பி வீட்டு மாடியறையில் இருக்கிறார். விழித்திரையில் கோளாறு, எந்த வரியைப் பார்த்தாலும் அதன் நடுவில் எறும்பு மொய்த்தது போல் ஒரு கருமை. இனிமேல் புத்தகம் கூடாது என்று கண் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சொன்ன நேரம்தான் மோசம். அக்கா தலையணை கனமுள்ள ஒரு துப்பறியும் நாவலில் பாதி தூரம் போயிருந்தார். விடுதி முதலாளி ஒருவர் முதல் அத்தியாயத்திலேயே கொலையாகிறார். சமையல்காரி, பல் டாக்டர் என்று விடுதியில் இருந்த ஆறு பேரில் ஒருவர் கொலையாளி. சமையல்காரிதான் என்று அக்கா முடிவுகட்டிவிட்டார்.

"எல்லாரையும்விட அவதான் சத்தமா அழறா. சாவு வீட்டுல யார் அழறாங்க, யார் நடிக்கறாங்கன்னு எனக்குத் தெரியாதா? எத்தனை சாவைப் பார்த்தவ நான்!"

தான் படித்துக்காட்டுவதாகத் தம்பி மனைவி முன்வந்தாள். அக்கா மறுத்துவிட்டார். "வேணாம்மா. கொன்னது யாருன்னு வர்றதுக்கு ரெண்டு பக்கம் முன்னாடியே உன் குரல் நடுங்கிக் காட்டிக் குடுத்துடும். எனக்கு முகமில்லாத குரல் வேணும். ஒரு மெஷின் வாங்கிக் குடுத்துடுங்க, நானே கண்டுபிடிச்சுக்கறேன். அதுக்குள்ள யாராவது முடிவைச் சொன்னீங்க, வாயைத் தைச்சுடுவேன்."

கேட்டது அவ்வளவுதான். புத்தகத்தைச் சத்தமாக வாசிக்கும் ஒரு கருவி. கடையில் கேட்டால் பொட்டலம் கட்டிக் கொடுப்பார்கள்.

"விசாரிச்சுச் சொல்றேன்கா" என்றார் தம்பி.

விசாரணை திரையிலிருந்து தொடங்கியது. காகிதம் போலத் தெரியும் திரையா, கண்ணாடித் திரையா என்பதிலேயே இரண்டு மாதம் போயிற்று. பார்க்கவே போகாத திரைக்கு இரண்டு மாதமா என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் இந்த இனத்தில் பிறப்பதில்லை. அடுத்தது தண்ணீர்.

"குளத்துல விழுந்தாலும் கெடாத ஒரு வகை இருக்குக்கா."

"நான் எதுக்குடா குளத்துல விழணும்?"

"விழணும்னு இல்லை. விழுந்தா..."

"நான் விழுந்தா என்னைத் தூக்குவியா, அதைத் தூக்குவியா?"

இதையும் விசாரிக்க வேண்டிய விஷயமாகத்தான் அவர் எடுத்துக்கொண்டார்.

பிறகு கடை. அவர் வாசலில் செருப்பைத் தேய்க்கும்போதே விற்பனைப் பெண் தேநீர் இடைவேளைக்குக் கிளம்பிவிடுவாள். ஒருநாள் மாட்டிக்கொண்டாள். கமிஷன் கருவியைக் காதோடு ஒட்டிவைத்து, நாடி பிடிப்பவர் போலக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்: "பெருமூச்சு வர்ற இடத்துல இது என்ன பண்ணும்?"

"சார், இது மெஷின் சார். மூச்சு விடாது."

"அதான் குறை."

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க சார்."

"போன தடவை கேட்டது பழைய குரல்மா. இது புதுசு. மறுபடியும் முதல்லேர்ந்து கேக்கணும்."

மற்றவர்களின் விமர்சனங்களையும் அவர் விடுவதில்லை. நல்லதாக எழுதியவர்களை நம்பமாட்டார், காசு வாங்கியிருப்பார்கள். திட்டி எழுதியவர்களை ஒரு வரி விடாமல் படிப்பார். பாதிக்கப்பட்டவர்கள் பொய் சொல்வார்களா? எங்கோ ஒருவர் தன் கருவியை நாய் கடித்துவிட்டதென்று எழுதியிருந்தார். அந்த வகை அன்றோடு தள்ளுபடி. வீட்டில் நாய் கிடையாது.

கடைசியில் சோதனைக் கட்டம் வந்தது. பிடிக்காவிட்டால் சில நாட்களில் திருப்பி அனுப்பலாம் என்ற வசதியை எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ, நம்மவருக்காகவே கண்டுபிடித்திருக்கிறான். கருவிகள் ஒவ்வொன்றாக வந்தன. பெட்டியை ஒரு கீறல் இல்லாமல் திறப்பார், திரையின் மேலுறையை உரிக்கமாட்டார், அக்காவைத் தொடவிடமாட்டார். "விரல் ரேகை பட்டா திருப்பி எடுத்துக்க மாட்டான்கா."

அக்காவுக்கு அனுமதிக்கப்பட்டது முதல் அத்தியாயம் மட்டும். குரல்களை ஒப்பிட வேண்டுமானால் எல்லாக் கருவியும் ஒரே பகுதியைத்தானே படிக்க வேண்டும்? நியாயம். ஆகவே விடுதி முதலாளி ஆண்குரலில் செத்தார். பெண்குரலில் செத்தார். வேகமாகச் செத்தார், நிதானமாகச் செத்தார். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"டேய், ஒரு மனுஷன் எத்தனை தடவைடா சாவான்? அவனை நிம்மதியாப் போகவிடு. கொன்னவனைக் காட்டு."

"இரு, பேட்டரி பார்க்க வேண்டாமா?"

பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்பதைப் பாதிப் புத்தகத்தில் எப்படிப் பார்ப்பது? முழுக்க ஓடவிட்டுத்தானே பார்க்க வேண்டும்? காலை நடையில், பேருந்தில், குளியலறைக் கதவுக்குப் பின்னால் என்று அந்த நாவலை முதலிலிருந்து கடைசிவரை கமிஷனே கேட்டார், ஒவ்வொரு கருவியிலும். வீட்டில் புத்தகமே படிக்காத ஒரே ஆள் அவர்தான்.

கடைசிக் கருவியும் வந்தது. அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் அக்கா தட்டை நகர்த்திவைத்தார். "இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு தெரியணும். இதை என் கையில குடுக்கறியா, இல்லை நானே கடைக்குப் போகவா?"

"குடுத்துடுங்களேன், அண்ணி எவ்வளவு நாளாக் காத்திருக்காங்க!" என்றாள் மனைவி.

தம்பிக்கு மனம் இளகியது. அக்கா மீது அவருக்கு உயிர். அதனால்தான் மட்டமான ஒன்றை அவர் தலையில் கட்ட அவருக்கு மனம் வரவில்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு விளக்கினார்:

"குடுக்க மாட்டேன்னா சொல்றேன்? குரல்ல உயிரே இல்லைக்கா. கடைசி அத்தியாயத்துல அந்தப் பல் டாக்டர், 'நான்தான் கொன்னேன்'னு விடுதிக்காரர் பொண்டாட்டி கால்ல விழுந்து கதர்றார். கல்லும் கரையற இடம். இது என்னடான்னா, வண்டி தாமதமா வரும்னு ரயில்வே ஸ்டேஷன்ல சொல்ற மாதிரி சொல்லுது. இதைப் போய் உனக்கு எப்படி வாங்கித் தர்றது?"

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

அக்காவுக்கு வார்டில் கடைசியாக விளக்கை அணைப்பவர் போன்ற முகம். "பல் டாக்டரா?" என்றார் மெதுவாக. பிறகு எழுந்து கையைக் கழுவினார். "எனக்கு மெஷின் வேணாம்டா."

கமிஷனின் முகம் மலர்ந்தது. மனைவி பக்கம் திரும்பினார். "பார்த்தியா? அவசரப்பட்டு வாங்கியிருந்தா தண்டமாப் போயிருக்கும்!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கட்டுமா? உங்களிடம் ஒருவர் ஏதோ கேட்டு, 'பார்த்துச் சொல்றேன்' என்று நீங்கள் சொன்னீர்களே, என்ன ஆயிற்று? இன்னும் நல்லதாக ஒன்று வருகிறதா? வரட்டும், நிதானமாகச் செய்யுங்கள். கேட்டவருக்கும் வேறு வேலை இருக்காதா என்ன?

துணை மேலாளர் அன்றைக்குச் செய்தது இதுதான்: சாப்பிட்டு முடித்துவிட்டு, கடைசிக் கருவியையும் பெட்டியில் வைத்து, ஒட்டி, திருப்பி அனுப்பினார்.