இளைப்பாறத் தெரியாத இதயம்

அன்புள்ள மைத்துனருக்கு,

இங்கே நலம். அங்கே நீ நலமாக இருப்பதாக நீயே சொல்லிக்கொண்டிருப்பதாக உன் அக்கா சொன்னாள். மகிழ்ச்சி.

சர்க்கரை வந்து பத்து வருஷமாச்சு, இதயத்தை ஒருதடவை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம் என்று உன் டாக்டர் சொன்னாராம். "வலியே இல்லை, எதுக்குப் போகணும்? அத்தான் சொன்னா போறேன்" என்று நீ சொன்னாயாம். அத்தான் சொல்கிறேன்: போகாதே. போய் மாட்டிக்கொண்டவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

எனக்கும் சர்க்கரைதான், எனக்கும் வலி இல்லை. மூச்சு வாங்கியதும் இல்லை. காலமெல்லாம் லிப்ட் பழுதுபார்த்தவனுக்கு மாடிப்படி எதற்குக் கட்டுகிறார்கள் என்றே தெரியாது. ஸ்கேன் எடுக்கும் இடமோ மூன்றாவது மாடி. லிப்ட் கதவில் 'வேலை செய்யவில்லை' என்று அட்டை. சரிசெய்துவிட்டே ஏறலாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் உன் அக்கா முதல் மாடியில் இருந்தாள். நான் படி திரும்பும் இடமெல்லாம் நின்று, சுவரில் உள்ளதைப் படித்துக்கொண்டே போனேன்.

"அப்படி என்ன படிக்கிறீங்க?"

"அறிவிப்பு."

"அது வெறும் சுவருங்க."

அப்புறம் என்ன, இடதுபக்கமாகப் படுக்கவைத்து, நெஞ்சில் ஜில்லென்று பசையைத் தடவி, கருவியை வைத்து அழுத்து அழுத்துன்னு அழுத்தி, திரையில என்னமோ ஒண்ணு துள்ளுது, அதுதான் நானாம். டாக்டர் பார்த்துவிட்டு, "சுருங்கறது நல்லாத்தான் சுருங்குது. ஆனா அடுத்த துடிப்புக்கு முன்னாடி சரியா தளர மாட்டேங்குது. சர்க்கரை உள்ளவங்களுக்கு வலி வர்றதுக்கு முன்னாடியே இப்படித் தொடங்கலாம்" என்றார்.

உன் அக்கா விடுவாளா? "வீட்டுல நாள் பூரா தளர்ந்துதான் கிடக்கிறார் டாக்டர். அதுல கொஞ்சம்கூட உள்ள போகலையா?"

டாக்டர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஓய்வெடுப்பதில் இந்தக் குடும்பத்திலேயே என்னை மிஞ்ச ஆளில்லை. என் இதயத்துக்கு அது தெரியவில்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது? இப்போது புது மாத்திரை, உப்பில்லாச் சாப்பாடு, தினமும் நடை. பின்னால் உன் அக்கா, கைதியைக் கூட்டிப்போகிற மாதிரி.

போகாமலே இருந்திருந்தால் எதுவும் தெரியாமல் நிம்மதியாக இருந்திருப்பேன். அப்படியே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் சொன்னதை உனக்கு எழுத மனம் வரவில்லை.

உன் மனைவிக்கு அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி. உனக்கு நீண்ட ஆயுள். இங்கிருந்து வாழ்த்தத்தான் முடியும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: மேலே உள்ளதைக் கிழித்துப் போடு. இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்த உன் அக்கா வாசலை விட்டு நகரமாட்டாள். இன்று காலை ஸ்கேனுக்கு உன் பெயரைப் பதிந்துவைத்தது நான்தான். சண்டை போட எனக்கு இருப்பது ஒரே மைத்துனன். சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கி வா. கீழே காரில் உட்கார்ந்திருக்கிறேன்.