பிரேக்கு ராவுத்தர் கழற்றிய சக்கரம்

திண்டுக்கல் ஊரே பிரியாணியை மோந்து பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், பஸ் சக்கரத்தை மோந்து பார்த்த ஒரே மனிதர் பிரேக்கு ராவுத்தர்தான்.

ஐம்பதுகளின் கடைசியில் நான் ஒரு பஸ் கம்பெனியில் புக்கிங் குமாஸ்தா. அவர் அங்கே பிரேக் மெக்கானிக். பஸ் ஷெட்டுக்குள் வந்து நின்றதுமே குனிந்து சக்கரத்தருகே மூக்கை நீட்டுவார். கருகல் வாடை அடித்தால் டிரைவர் தொலைந்தார்.

"ஏலே சோலை, மலை எறக்கத்துல கியரப் போடாம பிரேக்கையே மிதிச்சுக்கிட்டு வந்தியா? இம்புட்டு லைனிங்கையும் தின்னுட்டியே, தொட்டுக்க வெஞ்சனம் வேணுமாலே?"

சோலைக்கு அவரைக் கண்டாலே ஆகாது. மற்ற டிரைவர்களுக்கும் அப்படித்தான். ராவுத்தர் டீக்கடையில் நுழைந்தால் பெஞ்சு காலியாகிவிடும். காரணம், அங்கேயும் சும்மா இருக்கமாட்டார். செருப்பைப் பார்த்துவிட்டு, "குதிங்கால் தேஞ்சிருக்கே, நடக்கும்போதும் பிரேக்குதானா?" என்பார். கூடப் பிறந்தவர்கள் தோல் வியாபாரத்தோடு ஆம்பூர்ப் பக்கம் போய்விட்டார்கள். ஷெட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் அவர் மட்டும் தனியாக இருந்தார். பேச ஆளில்லாமல் பிரேக் டிரம்மைத் திட்டுவார். பிறகு அவரே சமாதானமும் செய்வார்.

ஒருநாள் மத்தியானம், கீரனூர்க் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் சோலை ஓட்டும் எங்கள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். ராவுத்தர் வந்து மோந்தார். சக்கரத்தை உரசி நிறுத்தும் லைனிங் பட்டை முழுக்கத் தேய்ந்து, அதைப் பிடித்திருந்த ரிவிட்டுகள் டிரம்மைக் கீறிக்கொண்டிருந்தன. உடனே சக்கரத்தைக் கழற்றிவிட்டார்.

அழைத்துப் போக வந்திருந்த பெண்ணின் தகப்பனார் பதறினார். "ஏனுங்க, சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்புங்க! ஊரே காத்துக்கிட்டு இருக்குதுங்க!"

"காத்துக்கிட்டு இருக்கட்டுங்க. மாப்பிள்ளை முழுசா வந்து சேரணுமில்ல?"

அவ்வளவுதான். அபசகுனம் என்று பெண்கள் சபித்தார்கள். மாப்பிள்ளையின் மாமன் ராவுத்தரின் சட்டையைப் பிடித்தார். முதலாளி வந்து, இனி வேலையே கிடையாது என்று கத்தினார். நாதஸ்வரக்காரர் மட்டும் கீழே இறங்கி, கிடைத்த நேரத்தில் சாதகம் பண்ணிக்கொண்டிருந்தார். ராவுத்தர் புது லைனிங் அடித்து முடித்தார். வெயில் தாழ்ந்த பிறகு பஸ் கிளம்பியது. ஒருவரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் சோலை திரும்பி வந்து எல்லோர் முன்னாலும் கையை விரித்தான். "பெரிசா குதிச்சீகளே, ராவுத்தரே! வழியில ஒண்ணுமே ஆகலை. ஒரு ஆடுகூடக் குறுக்க வரலை!"

ஷெட்டே சிரித்தது.

"ஒண்ணுமே ஆகலையா?" ராவுத்தரின் முகம் மலர்ந்துவிட்டது. "அல்லா! இருங்கப்பா, எல்லாரும் இன்னிக்கு நம்ம கொட்டகையில சாப்பிடணும்!"

வேலை பறிபோகும் நிலையிலும் ஆட்டுக்கறி வாங்கி, பெரிய சட்டி நிறையச் சமைத்தார். ஒருவரும் போகவில்லை. கொட்டகை வாசலில் அவர் நின்று நின்று பார்ப்பதைக் கண்டு மனசு கேட்காமல் நான் மட்டும் போனேன். இருந்தது ஒரே தட்டு. அதை எனக்கு வைத்துவிட்டு, அவர் சட்டி மூடியில் போட்டுச் சாப்பிட்டார்.

கோபம் ஆறி முதலாளி அவரை வேலையில் விட்டுவைத்தார். அடுத்த வாரம் ராவுத்தர் என்னை மறுபடி சாப்பிடக் கூப்பிட்டார். போனால், புத்தம்புதுத் தட்டு ஒன்று. அதன் விளிம்பில் ஆணியால் 'புக்கிங்' என்று கொத்தியிருந்தார். அவருக்கு என் பெயர் தெரியாது.