பென்ரோஸில் ஒரு ஐரோப்பா

ஐரோப்பாவை அக்குவேறு ஆணிவேறாக அறிந்தவர்கள் இரண்டே வகைதான். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் ஒரு வகை. அந்தத் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்காத ஐரோப்பா அண்ணன் இன்னொரு வகை. இதில் இரண்டாவது வகைக்குத்தான் விஷயம் அதிகம் தெரியும்.

தொண்ணூறுகளில் நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு வந்து இறங்கிய என்னுடைய எஞ்சினியரிங் பட்டத்தை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பென்ரோஸில் ஒரு சாமான் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினேன். அங்கேதான் அண்ணனைச் சந்தித்தேன். யாழ்ப்பாணத்துக்காரர், நாற்பத்தைந்து வயது. அவருடைய நிஜப்பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

மனிதருக்கு ஓர் இடத்தில் நிற்க வராது. சாப்பாட்டு டப்பாவைக் கையில் ஏந்தி நடந்துகொண்டே சாப்பிடுவார். ஒருகாலத்தில் அவரும் ஃபோர்க்லிஃப்ட்தான் ஓட்டினாராம். டென்மார்க் பிஸ்கட் பெட்டியில் கொடியைக் கண்டால் வண்டியை நடுவழியில் விட்டுவிட்டுக் குதித்து இறங்கிவிடுவார். அதனால் அதைப் பிடுங்கித் தள்ளுவண்டியைக் கொடுத்துவிட்டார்கள். அது அவருக்கு இன்னும் வசதியாகப் போயிற்று.

"தம்பி, சுவிஸ் கொடி சதுரம், தெரியுமோ? மற்றவை அநேகமா எல்லாம் நீளம். அங்க நாலு மொழி. எந்த மொழிக்காரனும் கோவிக்கக் கூடாதெண்டு தபால் முத்திரையில நாட்டின்ர பேரை லத்தீன்ல போடுறாங்கள். ஒருத்தரும் கதைக்காத மொழி, ஒருத்தருக்கும் கோவமில்லை!"

சொல்லி முடிப்பதற்குள் பத்தடி தள்ளிப் போயிருப்பார். மீதியை நான் பின்னால் ஓடிக் கேட்க வேண்டும்.

விண்ணப்பத்தில் குடும்பப்பெயர் கேட்ட இடத்தில் நான் அப்பா பெயரை எழுதித் தொலைத்திருந்தேன். சூப்பர்வைசர் காலையிலிருந்து மாலைவரை என்னை "ராமசாமி! ராமசாமி!" என்று விரட்டுவார். பெற்ற தகப்பனையே ஒருவன் திட்டுகிற மாதிரி இருக்கும். அண்ணனிடம் அழாக்குறையாகச் சொன்னேன்.

"நீர் ஐஸ்லாந்தில பிறந்திருக்க வேண்டிய ஆள். அங்கயும் குடும்பப்பேர் இல்லை. தகப்பன்ர பேர்தான். டெலிபோன் புத்தகத்திலகூட ஆளின்ர சொந்தப் பேரைத்தான் தேட வேணும்."

"அண்ணே, அதனால எனக்கு என்ன?"

"ஒண்டுமில்லை. அங்கயும் உம்மைப்போல ஆக்கள் இருக்கினமெண்டு ஒரு ஆறுதல்."

இந்த ஆறுதலை அவர் சூப்பர்வைசருக்கும் வழங்கப் போனதுதான் வினை. சூப்பர்வைசரின் தாத்தா ஸ்காட்லாந்துக்காரர். அந்தப் பெருமையில் மனிதர் நெஞ்சை நிமிர்த்திக் கொண்டிருந்த ஒரு காலையில், அண்ணன் தள்ளுவண்டியோடு வந்து நின்றார். "உங்கட தேசிய விலங்கு ஒற்றைக்கொம்புக் குதிரை. அப்பிடி ஒரு மிருகம் உலகத்திலயே இல்லை, தெரியுமோ?" என்று ஆங்கிலத்தில் அன்போடு தெரிவித்தார்.

பத்து நிமிஷத்தில் கடைசி எச்சரிக்கைக் கடிதம் கைக்கு வந்துவிட்டது. வேலை நேரத்தில் அலைதல், பேசுதல். இன்னொரு தடவை என்றால் வீட்டுக்குப் போகலாம்.

"இனி வாயைத் திறக்காதீங்க அண்ணே" என்றேன்.

"ஓம் தம்பி" என்றார். முகம் செத்துவிட்டது. கால் மட்டும் நிற்கவில்லை.

அன்று பிற்பகல், ஆளுயரத்துக்கு அடுக்கிய டின் பெட்டிகளை வண்டியில் ஏந்தி வந்துகொண்டிருந்தேன். முன்னால் எதுவும் தெரியவில்லை. திருப்பத்தின் ஓரமாக, முந்தின நாள்தான் வேலைக்குச் சேர்ந்த பல்கேரியாக்காரன் இரண்டு கையிலும் பெட்டியோடு நின்றான். அவனுக்கு இங்கிலீஷ் நாலைந்து வார்த்தைதான் தெரியும்.

"வழி கிளியரா?" என்று கத்தினேன்.

தலையை மேலும் கீழும் ஆட்டினான். வண்டியை விட்டேன்.

"நிப்பாட்டும் ஐசே! அவன் இல்லையெண்டெல்லோ சொல்லுறான்!"

எங்கேயோ இருக்கவேண்டிய அண்ணன் குறுக்கே பாய்ந்து ஓடிவந்தார். பிரேக்கை மிதித்தேன். ஒரு பெட்டி சரிந்து விழுந்து உடைந்தது. அது விழுந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளி, தரையில் குந்தி லேபிள் படித்துக்கொண்டிருந்த சூப்பர்வைசர் மெதுவாகத் தலையைத் தூக்கினார்.

எழுந்திருக்க முயன்ற சூப்பர்வைசர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அவன் தலையாட்டினானே! உனக்கு எப்படித் தெரிந்தது?" என்று அண்ணனைக் கேட்டார்.

பல்கேரியாவில் தலையை மேலும் கீழும் ஆட்டினால் இல்லை, பக்கவாட்டில் ஆட்டினால் ஆம் என்று அண்ணன் விளக்கினார். அவருடைய தம்பி சுவிஸுக்குத் தப்பிப் போகும் வழியில் அங்கே சில மாதம் அகப்பட்டிருந்தாராம். கடை கடையாய் ஏறிப் பாண், அதாவது ரொட்டி, இருக்கிறதா என்று கேட்பார். கடைக்காரர்கள் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவார்கள். இல்லை போலிருக்கிறது என்று வந்துவிடுவார். கடைநிறையப் பாண் இருக்க, இரண்டு நாள் பட்டினி.

"தம்பி இதை எழுதின கடிதம் வந்தாப்பிறகுதான் ஒடாஹுஹு லைப்ரரியில புத்தகம் எடுக்கத் தொடங்கினனான். தம்பி சுவிஸில, அண்ணன் டென்மார்க்கில, தங்கச்சி நோர்வேயில. அதுகள் இருக்கிற இடம் எப்பிடி எண்டு அறிய வேண்டாமோ?" இதை மட்டும் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

சூப்பர்வைசர் கையை நீட்டி எச்சரிக்கைக் கடிதத்தைத் திருப்பிக் கேட்டார். அண்ணன் தயங்கித் தயங்கிக் கொடுத்தார். அதற்குள் அதன் முதுகில் லிச்சென்ஸ்டைன் என்ற குட்டி நாட்டின் கொடி வரையப்பட்டிருந்தது.

"இந்தக் கிரீடம் எதற்கு?"

கேட்டிருக்கக் கூடாது. அவர்களுடைய கொடியும் ஹைட்டியின் கொடியும் ஒன்றேதான் என்று ஓர் ஒலிம்பிக்ஸில் போய்த்தான் கண்டுபிடித்ததையும், பிறகு அவசரமாகக் கிரீடம் சேர்த்ததையும் தேநீர் மணி அடிக்கும்வரை சூப்பர்வைசர் தரையிலிருந்தபடியே கேட்டார். பிறகு கடிதத்தை நான்காகக் கிழித்தார்.

சிட்டிசன்ஷிப் கிடைத்த அடுத்த வருஷம், அண்ணன் முதல்முதலாக ஐரோப்பாவுக்குப் புறப்பட்டார். நோர்வேக்கு, தங்கையிடம். நான்தான் விமான நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். உள்ளே போகும் வாசலில் முன்னும் பின்னுமாக நடந்தவர், சட்டென்று என் கையைப் பிடித்தார்.

"தங்கச்சியின்ர பிள்ளையளுக்குத் தமிழ் வராதாம். நோர்வேயில ஒரு மொழிக்கு ரெண்டு எழுத்துமுறை இருக்கெண்டு எனக்குத் தெரியும். அந்த மொழியில 'மாமா வந்திருக்கிறன்' எண்டு சொல்லத் தெரியாதே தம்பி."

"நீங்க போய் நில்லுங்கண்ணே. புள்ளைங்க கண்டுபிடிச்சிரும்."

தலையாட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார். மூன்று வாரத்தில் வந்துவிடுவார் என்று தெரியும். இருந்தாலும் விமானம் மேகத்துக்குள் மறையும்வரை கண்ணாடியோரம் நின்றுகொண்டிருந்தேன்.