இடப்பக்கத்து பிரேக்

சாந்தோம், சென்னை
ஞாயிறு, பூசை முடிந்து காப்பியும் குடித்தபின்

அன்புள்ள மச்சான் ஜெஃப்ரிக்கு,

உன் அத்தான் வில்லியம் எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவில் இங்கே நானும் உன் அக்கா மர்சலினும் நலம். என் சர்க்கரையும் அவள் முழங்காலும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்றாலும் நலம் என்றே எழுதவேண்டும் என்று நம்மைப் பழக்கியிருக்கிறார்கள். மஸ்கட்டில் நீயும் ஈவ்லினும் பிள்ளைகளும் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நீ என்னைப் பேச விடுவதில்லை, அதனால்தான் கடிதம்.

நம் மர்சலின் டிரைவிங் ஸ்கூலை பெங்களூர்க் கம்பெனிக்குக் கொடுக்காமல், அங்கே வேலை பார்ப்பவர்களுக்கே கூட்டுறவுச் சங்கமாக விற்றதிலிருந்து நீ முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அந்தக் கம்பெனிக்காரர் லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு, "பேர் வேணும் சார், வண்டி வேணும், இடம் வேணும், ஸ்டாஃப் மட்டும் வேண்டாம்" என்றபோதே எனக்கு மனசு விட்டுப்போயிற்று. ஆனாலும் உன் பேச்சைக் கேட்டுப் பத்திரத்தில் ஒரு ஷரத்து போட்டுவைத்தேன். ஒரு வருஷத்துக்குள் எனக்குத் திருப்தி இல்லையென்றால் ஸ்கூலை நான் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். "அவங்களே அடிச்சிக்கிட்டு நிப்பாங்க அத்தான், அப்ப வாங்கி வித்துடலாம்" என்றாய். அந்த வருஷம் இந்த மாதத்தோடு முடிகிறது. எடுப்பதா விடுவதா என்று உனக்குச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன்.

நீ சொன்னபடியேதான் எல்லாம் ஆரம்பித்தது. முதல் கூட்டத்துக்கு இஸ்திரி போட்ட சட்டையோடு போய், எப்போதும் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தேன். தலைவர் பதவியை வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஏற்றுக்கொள்வதற்கான நன்றியுரையை வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். வண்டிகளைப் பழுதுபார்க்கும் ஷாஹுல் ஹமீது மரியாதையாக எழுந்து நின்று, "சார், நீங்க வித்தவரு, மெம்பர் இல்ல. விருந்தாளிக்கு நாற்காலி அந்தாண்ட போட்டுகீது" என்றான். அந்தாண்ட போய் உட்கார்ந்தேன். தலைவராக சுப்பம்மாவைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆற்றோரத்து வீட்டை எடுத்துவிட்டுப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்களே, அந்தக் குடும்பம். தினமும் பஸ் மாறி வந்து கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். கற்றுக்கொள்ள வருகிறவர் காலேஜ் பையனாக இருந்தாலும் ரிட்டயர்டு ஜட்ஜாக இருந்தாலும் அவளுக்கு நைனாதான். என்னை மட்டும் சார் என்பாள்.

நான் சும்மா உட்கார்ந்திருக்கலாம். என் கால்தான் இருக்காது. உனக்கே தெரியும், இடப்பக்கத்து சீட்டில், காலடியில் தனி கிளட்ச், தனி பிரேக் என்றே என் காலம் ஓடிவிட்டது. உன் கல்யாணத்துக்குக்கூட மாணவர் ஒருவரை ஓட்டச் சொல்லித்தானே வந்தோம், சாமியார் கடைசி ஆசீர் கொடுக்கும்போது கோயிலுக்குள் நுழைந்தோமே. அந்தப் பழக்கத்தில், கூட்டத்தில் யார் என்ன யோசனை சொன்னாலும் என் வலது கால் தரையைப் போட்டு மிதித்தது. மூத்த ஆசிரியர் வேலு அதைப் பார்த்துவிட்டு, "சார், அங்க பிரேக் கெடியாது. கால மடக்கிக்கினு குந்து சார்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அப்புறம் எதற்கெடுத்தாலும் ஓட்டு. வண்டிக்கு மஞ்சள் அடிப்பதா நீலம் அடிப்பதா என்று வாரக்கணக்கில் சண்டை போட்டு, கடைசியில் முன்பக்கம் மஞ்சளும் பின்பக்கம் நீலமுமாக அடித்தார்கள். நான் வெட்கத்தில் லஸ் கடைவீதிப் பக்கமே போகவில்லை. ஆனால் இப்போது மயிலாப்பூரில் அந்த வண்டியைத் தெரியாத ஆள் கிடையாது, சேருகிறவர்கள் 'அந்த ரெண்டு கலர் வண்டி' என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள். ஆபீசில் மின்விசிறியை ஜன்னல் பக்கம் மாற்றலாம் என்று நான் சொன்னதை மட்டும் ஓட்டுக்கே எடுக்கவில்லை, விருந்தாளி யோசனையாம். இதற்கெல்லாம் மேலாக, கற்றுக்கொள்பவரை யாரும் திட்டக்கூடாது என்று ஒரு தீர்மானம். திட்டு வாங்காமல் டிரைவிங் கற்றுக்கொண்டவர் இந்த ஊரில் உண்டா, நீயே சொல். வேலுவின் வாயை நீ கேட்டிருக்கிறாய். அவன் இப்போது கோபம் வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு "முருகா" என்கிறான். மாளவிகா என்று ஒரு பேங்க் அதிகாரி, ரிவர்ஸ் எடுக்கும்போது அவன் முருகனைக் கூப்பிடுவதைக் கேட்டு, ஆபத்து ஏதோ வரப்போகிறது என்று வண்டியை விட்டு இறங்கி ஓடிவிட்டாள். மறுநாள் திரும்பி வந்தாள். பயந்துபோனவர்கள் திரும்பி வருவது என் காலத்தில் நடந்ததில்லை, ஜெஃப்ரி.

இனிமேல் சொல்லப்போவதுதான் முக்கியம். போன மாதம் பேய்மழை பெய்ததே, விடிந்ததும் குடையை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கு ஓடினேன். ஷெட்டில் முழங்கால் அளவு தண்ணீர், ஒரு வண்டியும் இல்லை. திருட்டுப் போய்விட்டது என்று நனைந்த சட்டையோடு போலீஸ் ஸ்டேஷனில் போய் நின்றேன். ஏட்டு நிதானமாகக் கேட்டார். "வண்டி யார் பேர்ல கீது?" சங்கத்தின் பேரில் என்றேன். "சங்கத்துல நீங்க இன்னா?" ஒன்றும் இல்லை என்றேன். "அப்ப உங்க வண்டி எதுவும் காணாப் போவலியே சார்" என்றார். எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, அவரேதான் சொன்னார், மேம்பாலத்தில் ரெண்டு கலரில் என்னவோ வரிசையாக நிற்கிறதாம், போய்ப் பாருங்கள் என்று.

போய்ப் பார்த்தேன். அத்தனை வண்டியும் பாலத்தின் ஓரமாக, எல் போர்டோடு, ஒழுங்காக நின்றன. சுப்பம்மாவும் வேலுவும் ஷாஹுலும் ஒரு தார்ப்பாயைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு பன் தின்றுகொண்டிருந்தார்கள். என் காலத்தில் இதே மாதிரி மழைக்கு வண்டிகளை மேட்டுக்கு எடுக்க வரச்சொல்லி ஒவ்வொருவராகப் போன் போட்டுக் கெஞ்சுவேன், இதே சுப்பம்மா "ஊட்ல முட்டி வரிக்கும் தண்ணி சார்" என்பாள். அவள் சொன்னது பொய் இல்லை. இப்போது வீட்டில் தண்ணீர் இல்லையா என்று கேட்டேன். "கீது சார். ஊட்டுத் தண்ணி வடிஞ்சிரும். வண்டிங்க போச்சுன்னா அத்தினி பேர் பொயப்பும் போச்சே. நேத்து மத்தியானமே கூட்டம் போட்டோம், ஒருத்தரும் எதிர்த்து ஓட்டு போடல" என்றாள். நான் முதலாளியாக இருந்த காலம் பூராவும் தேடிய ஆட்கள் என்னிடமே வேலை பார்த்திருக்கிறார்கள். பாதி பன்னை எனக்குக் கொடுத்தார்கள், தார்ப்பாயிலும் ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னார்கள்.

ஆகவே மச்சான், நேற்று கூட்டத்துக்குப் போய் அந்த ஷரத்தை எடுத்துவிடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பெங்களூர்க்காரர்களிடம் இனி பேசாதே. எனக்கு வருத்தம் இல்லை, பெருமையாகத்தான் இருக்கிறது. காலைத் தரையில் வைத்தால் கால் சும்மா இருக்கிறது. ஸ்கூல் பக்கம் இனி தலைவைத்தும் படுக்க மாட்டேன். நீ கூப்பிட்டபடி நானும் உன் அக்காவும் மஸ்கட் வந்து உங்களோடேயே இருந்துவிடுகிறோம். டிக்கெட் போடு, மாடி அறையை ஒழித்துவை.

பிள்ளைகளின் நெற்றியில் எங்கள் சார்பில் சிலுவை போடு. ஈவ்லினுக்கு எங்கள் அன்பைச் சொல். மாதா உங்கள் வாசலைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
பாரம் இறங்கிய உன் அத்தான்,
வில்லியம்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது உன் அக்கா, "மஸ்கட்ல போய் என்ன பண்ணப்போறீங்க? அவங்ககூட நீங்களும் மெம்பரா சேந்துட்டா என்ன?" என்றாள். சாயங்காலமே போய்க் கேட்டேன். "சேர்றவங்க எல்லாருக்கும் ஒரே ரூல் சார். மெம்பருங்கள ஒக்கார வச்சி ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டணும்" என்றாள் சுப்பம்மா. மயிலாப்பூரில் பாதிப் பேருக்குக் கற்றுக்கொடுத்தவனிடமா என்று சிரித்துக்கொண்டே வலப்பக்கத்து சீட்டில் ஏறினேன். அந்த சீட்டில் நான் உட்கார்ந்து எத்தனை காலம் ஆயிற்று என்பது அங்கே உட்கார்ந்தபிறகுதான் எனக்கே உறைத்தது. வண்டி அசைந்தால் போதும், கால் தானாகப் போய் பிரேக்கை மிதித்தது. அசையும், நிற்கும், அணைந்துபோகும். பின்சீட்டில் வேலு முதலில் மெதுவாக "முருகா" என்றான், பிறகு சத்தமாக. ஷாஹுலும் அவனோடு சேர்ந்து முருகனைக் கூப்பிட்டான். இடப்பக்கத்தில் இருந்த சுப்பம்மாவுக்குத் தன் பிரேக்கைத் தொடவேண்டிய வேலையே வரவில்லை. அவள் திட்டவில்லை. "பயப்படாத நைனா. ஆக்சிலேட்டர்னு ஒண்ணு கீது, அதையும் மிதிக்கணும். காலைல வா, கத்துக் குடுக்கறேன்" என்றாள்.

டிக்கெட் போடாதே. மாடி அறையில் ஈவ்லின் மிளகாய் காயவைக்கட்டும். நான் பாஸ் செய்தால்தான் மின்விசிறி விஷயம் ஓட்டுக்கு வரும், காலையில் எனக்கு வகுப்பு இருக்கிறது.