கத்தரிப்பூ நிறத்து ஓணான்

துரைமார் தேடுகிற எதையும் கண்டுபிடித்துக் கொடுக்கக் கூடாது. இந்த ஞானம் எனக்கு இள வயதிலேயே வந்துவிட்டது. (வேலை போன பிறகுதான்.)

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய காலம். மட்டக்களப்பில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் கந்தோரில் நான் தற்காலிகக் கிளாக்கர். துரைக்கு ஓணான் என்றால் உயிர். (துரைசாணிக்கு ஓணானையும் பிடிக்காது, துரையையும் பிடிக்காது.) முன்பிருந்த துரை ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்த பச்சோந்திகள் கூட்டை உடைத்து ஓடினவாம். அவை வாவிக்கரைப் பற்றைகளில் குஞ்சு பொரித்துப் பெருகியிருக்கும் என்பது நம் துரையின் சித்தாந்தம். ஒன்றைப் பிடித்துவந்தால் வேலையை நிரந்தரமாக்குவதாகச் சொன்னார். நிரந்தர வேலை கிடைத்தால்தான் மகளைத் தருவேன் என்று என் தாய்மாமன் சொல்லியிருந்தார். ஆக, என் கலியாணம் ஒரு பச்சோந்தியின் கையில் இருந்தது.

வாவியோரக் கண்ணாக்காடு, தாழம்பற்றை எல்லாம் நுழைந்து திரிந்தேன். சேறும் சிராய்ப்பும்தான் மிச்சம். கடைசியில் காத்தான்குடியில், நெசவுகாரர் ஒருவரின் வளவு வேலியில், கத்தரிப்பூ நிறத்தில் ஓர் ஓணான்! வேலிக்கு அப்பால் அதே நிறத்தில் நூல் காய்ந்துகொண்டிருந்தது. நான் பார்த்தது ஓணானை மட்டும். குடையை விரித்துப் பாய்ந்தேன். சட்டை வேலியோடு நின்றது, ஓணான் என்னோடு வந்தது.

துரை ஊர்ப் பெரியவர்களைத் தேநீருக்கு அழைத்தார். மாமாவும் வந்திருந்தார். ஓணானுக்குத் தன் பெயரையே இலத்தீனில் சூட்டித் துரை பிரசங்கம் செய்ய, நான் மொழிபெயர்த்தேன். சபை பக்தியோடு தலையாட்டியது. "இதை நான் சீமையில கண்டிருக்கன்" என்றார் வழக்குப் பேசும் ஓர் அப்புக்காத்து. (அவர் கொழும்பைத் தாண்டியதில்லை.)

"ஒரே தூசி" என்று துரைசாணி ஈரத் துவாயால் அதைத் துடைத்தார். துவாய் கத்தரிப்பூ நிறமாகியது, ஓணான் மண்ணிறமாகியது. மிரண்ட பிராணி துரையின் வெள்ளைக் கோட்டில் ஏறி, மிச்சச் சாயத்தை அங்கே விட்டுவிட்டு யன்னலால் பாய்ந்தது.

"மருமகன்!" மாமா எழுந்துவிட்டார். "இது நம்மட ஊர் வேலி ஓணான்! சாயத் தொட்டிக்குள்ள விழுந்து எழும்பி வந்திருக்கு!"

"என்ன சொல்கிறார்?" என்றார் துரை.

நான் மொழிபெயர்ப்பாளன் அல்லவா? "ஆபிரிக்காவை நினைத்து அதற்கு நிறம் வெளுத்துவிட்டது என்கிறார், துரை."

துரைசாணி சிரித்த சிரிப்பில் தேநீர்க் கோப்பை உருண்டது. அன்றே என் கந்தோர் வாழ்வு முடிந்தது. பெண் இல்லை என்றார் மாமா. ஆனால் கதையைக் கேட்ட மச்சாள், "கட்டினா இவரைத்தான். வீட்டில சிரிக்க ஒரு ஆள் வேணும்" என்று நின்றுவிட்டாள்.

இன்றுவரை சிரிக்கிறாள். போன மாதம் பேத்திக்குச் சம்பந்தம் பேச வந்த தரகர், "மாப்பிள சீமையில படிச்சவர்" என்று தொடங்கினார்.

என் மனைவி வெற்றிலையை நீட்டிக்கொண்டே கேட்டாள்: "ஒருக்கா நனைச்சுப் பாத்தீங்களா?"