வண்டு சாரும் நாறிய டப்பாவும்

மழை பெய்தால் முகம் சுளிக்கும் ஒரே மனிதரை நான் திண்டிவனத்தில்தான் பார்த்தேன். நாங்கள் தங்கியிருந்த லாட்ஜ் முழுக்க அவருக்கு 'வண்டு சார்' என்றுதான் பெயர். கண்டாச்சிபுரம் பாறைக்காட்டில் திரியும், ஈரமே ஆகாத கருவண்டுகளைப் பற்றி ஆராய்ச்சி. நானும் அவரும் ஒரே அறை; அதில் பாதி எனக்கு, பாதி வண்டுகளுக்கு.

"பறக்காது தம்பி, றெக்க மேல இருக்கிற மூடி ஒட்டிக்கினு இருக்கும். உள்ள இருக்கிற ஈரம் வெளிய போவாது. இந்த வெயிலுக்கு நம்மளவிட அதுதான் லாயக்கு" என்பார். நான் வேர்த்துக்கொண்டே கேட்பேன்.

ஒருநாள், ஆராய்ச்சியை மேற்பார்வையிடும் மேடத்தை அழைத்துவர விழுப்புரம் கிளம்பினார். மணல் போட்ட டப்பாவில் இருபது வண்டுகள். அவற்றை உயிரோடு பார்த்தால்தான் மேடம் ஆய்வறிக்கையில் கையெழுத்துப் போடுவார்; இல்லையென்றால் மூன்று வருட உழைப்பு அம்பேல்.

"பாத்துக்கினு இரு. தண்ணி கிண்ணி ஊத்திடாத."

ஊற்றவில்லை. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒன்றுகூட அசையவில்லை. சந்தேகப்பட்டு டப்பாவை லேசாக ஆட்டினேன். தலையைக் குத்திக்கொண்டு பின்பக்கத்தைத் தூக்கி நின்றன. அடுத்து ஒரு நாற்றம், ஐயோ! பிறகு ஒவ்வொன்றாகக் காலை மடக்கி மல்லாந்துவிட்டன.

போன் அடித்தது. "விக்கிரவாண்டி தாண்டிட்டோம். எல்லாம் நல்லாகீதா?"

"நல்லா இருக்குதுங்க சார்."

சொல்லிவிட்டு மறுபடி ஆட்டினேன். துடைப்பக் குச்சியால் தட்டினேன். ஊதினேன். ஆட்ட ஆட்ட நாற்றம்தான் ஏறியது. செத்தது போதாதென்று அழுகியும் விட்டன என்று முடிவு செய்தேன். "கூட்டேரிப்பட்டு வந்தாச்சு!" என்று அடுத்த போன். இன்னொரு தடவை ஆட்டிப் பார்த்தேன்.

இருவரும் உள்ளே வந்தார்கள். மேடம் மூக்கைப் பொத்தினார். சார் டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஆட்டுனியா?"

"லேசா சார்."

"எத்தினி வாட்டி?"

"நூறு வாட்டி இருக்கும்."

"யாரும் அசையாதீங்க" என்று தரையில் உட்கார்ந்தார். நாங்களும் உட்கார்ந்தோம். கால் மணி நேரம். கடைசியில் ஒரு கால் துடித்தது. அப்புறம் இன்னொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இருபதும் எழுந்து ஓடின! ஆபத்து என்றால் நாற்றமடிப்பதும் செத்த மாதிரி கிடப்பதும் அதுகளின் பழக்கமாம். ஆபத்து வேறு யாருமில்லை, நான்தான்.

மேடம் கையெழுத்துப் போட்டுக்கொண்டே கேட்டார், "போயும் போயும் இவரை நம்பியா விட்டுட்டு வந்தீங்க?"

"செத்துப்போச்சோன்னு நூறு வாட்டி ஆட்டிப் பாத்துகீறான் மேடம். என் வண்டுக்காக இதுவரைக்கும் யாரு இவ்ளோ பயந்தாங்க?" என்றார் வண்டு சார்.

அவ்வளவு நேரம் அடக்கிய அழுகை அப்போதுதான் வந்தது. இன்றைக்கு அவர் போன் போட்டு "வா" என்றால் போதும், எந்தப் பொட்டல் காட்டுக்கும் போய் நிற்பேன்.